தாய் இறப்பு இரகசிய விசாரணை

தாய் இறப்பு இரகசிய விசாரணை என்பது கருவுற்ற காலத்திலோ மகப்பேற்றை அடுத்தோ நேரும் இறப்புகளைப் பெயர் வெளியிடாமல் ஆராயும் முறையாகும். இது இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952இல் தொடங்கியது. இறந்தவர், மருத்துவர், மருத்துவமனை ஆகிய அடையாளங்களை நீக்கிய பின்னரே வல்லுநர்கள் சிகிச்சைக் குறிப்புகளைப் படிப்பர். தண்டிப்பது இவர்கள் வேலையன்று; தண்டனைக்கு அஞ்சும் மருத்துவர் நடந்ததை மறைக்கக்கூடும். வேறு விதமாகக் கவனித்திருந்தால் அத்தாய் பிழைத்திருப்பாரா என்பதே இவர்களின் கேள்வி.

ஒரு மருத்துவமனையில் அரிதாக நேரும் இறப்பு அங்கே தற்செயலாகவே தோன்றும். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புலப்படும். அறுவை மகப்பேற்றுக்குப் பின் இரத்தக்கட்டி நுரையீரல் தமனியை அடைத்துப் பலர் இறப்பதை அறிக்கைகள் காட்டின. 1995இல் இரத்த உறைவைத் தடுக்கும் வழிகாட்டி வெளிவந்தது. பின்னர் அவ்வகை இறப்புகள் குறைந்தன. இந்தியாவில் கேரளம் 2004இல் இம்முறையைத் தொடங்கியது.