ஜார்ஜ் டவுன்: உணவு, கட்டடக்கலை, இரவு வாழ்க்கைக்கான மூன்று நாள் பயணத் திட்டம்

ஜார்ஜ் டவுன், மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்குத் தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் 1786இல் இந்நகரை நிறுவினார். 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ இதனை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பாரம்பரியப் பகுதியின் மையம் ஏறத்தாழ 109 எக்டேர் பரப்பே கொண்டது என்பதால், பெரும்பாலான இடங்களை நடந்தே பார்த்துவிடலாம்.

குறுகிய பயணத்துக்குத் திட்டமிடுவோர் பார்க்க வேண்டிய கட்டடங்களுக்கு ஒரு பட்டியலும், உண்ண வேண்டிய கடைகளுக்கு இன்னொரு பட்டியலும் போடுவது வழக்கம். ஜார்ஜ் டவுனில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே தெருவில் இருக்கின்றன. மாறுவது வேளை மட்டுமே. எனவே இங்கே தெருவையும் வேளையையும் அடிப்படையாகக் கொண்டு திட்டமிடுவதே எளிது.

கடைவீடும் அஞ்சடியும்

நகரின் அடிப்படைக் கட்டட வகை கடைவீடு. கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் குடும்பம் என்பது அதன் அமைப்பு. முகப்பு குறுகலாகவும் உட்பகுதி நீளமாகவும் இருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று வெளிச்சமும் காற்றும் தரும். வரிசையாக நிற்கும் கடைவீடுகளின் முன்புறம் கூரையிட்ட நடைவழி ஓடும். மலேசியத் தமிழர் இதனை 'அஞ்சடி' என்பர். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டம் இத்தகைய நடைவழியை விதியாக்கியது; பின்னர் மலாயாவின் பிற நகரங்களிலும் இது பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க உதவும் இந்த நடைவழியிலேயே பல உணவுக் கடைகள் மேசை போடுகின்றன.

முதல் நாள்: வழிபாட்டுத் தெருவும் நாசி கண்டாரும்

முன்பு பிட் தெரு எனப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை முதல் நாளுக்கு ஏற்றது. 1818இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1801இல் தென்னிந்திய முஸ்லிம்களுக்காகத் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியவை இச்சாலையை ஒட்டி அமைந்துள்ளன. அருகிலுள்ள குயின் தெருவில் 1833இல் நிறுவப்பட்ட மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோயில்களைக் காலையிலேயே பார்ப்பது நல்லது. நண்பகலில் நடை சாத்தியிருக்கக்கூடும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் சுற்றிப்பார்க்கச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

மதிய உணவுக்கு நாசி கண்டார் பொருத்தம். 'நாசி' என்றால் மலாய் மொழியில் சோறு. 'கண்டார்' என்பது தோளில் சுமை தூக்கும் தடி. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அத்தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்புகளையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதால் இப்பெயர் வந்தது. பல குழம்புகளைக் கலந்து சோற்றின்மேல் ஊற்றுவது இதன் சிறப்பு. குழம்பு மிகுதியாக வேண்டுவோர் 'பாஞ்சிர்' என்று கேட்பர். அதற்கு வெள்ளம் என்று பொருள். எடுத்துக்கொள்ளும் கறிவகைகளைப் பொறுத்தே விலை அமையும் என்பதால், பெரிய இறால், மீன் முட்டை போன்றவற்றின் விலையை முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள்: செல்வர் மாளிகைகளும் இரவுக் கடைகளும்

கூ கொங்சி, கூ குலத்தாரின் மூதாதையர் மண்டபம். முந்தைய கட்டடம் 1901இல் தீக்கிரையானது. அது அரண்மனை போல மிகையாக இருந்ததால் தெய்வங்கள் சினந்தன என்றொரு கதை வழங்குகிறது. இன்றைய மண்டபம் 1906இல் எழுந்தது. லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ட்ஸி மாளிகை அதன் நீல நிறத்துக்குப் பெயர்பெற்றது. புதுப்பிக்கப்பட்ட இம்மாளிகைக்கு 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

நண்பகல் வெயிலில் நடையைக் குறைத்து, மாலையில் மீண்டும் தொடங்கலாம். சூலியா தெருவிலும் கிம்பர்லி தெருவிலும் பொழுது சாய்ந்தபின் தள்ளுவண்டிக் கடைகள் கூடும். அங்கே தட்டை அரிசி நூடுல்ஸை இறால், முட்டை, முளைப்பயறுடன் கடும் தீயில் வதக்கிய சார் குவே தியாவ் கிடைக்கும். புளியும் மீனும் சேர்ந்த அசாம் லக்சாவும் தீவின் புகழ்பெற்ற உணவு. சீனர் கடைகளில் சார் குவே தியாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. அசாம் லக்சாவில் மீனும் இறால் விழுதும் உண்டு. ஹலால் உணவோ சைவ உணவோ மட்டும் உண்போர் கேட்டறிய வேண்டும். சூலியா தெருவும் அதையொட்டிய லவ் லேனும் மதுக்கூடங்களும் இசையும் நிறைந்த இரவுப் பகுதிகள். மது அருந்தாதவர் தே தாரிக் எனும் ஆற்றிய பால்தேநீருடன் மாமாக் கடைகளில் நெடுநேரம் அமர்ந்திருக்கலாம்.

மூன்றாம் நாள்: கடலோரம்

கடலில் கால்கள் நட்டுக் கட்டப்பட்ட சீனக் குலக் குடியிருப்புகளில் சியூ துறை பெரிதும் அறியப்பட்டது. இவை காட்சிப் பொருள்கள் அல்ல. குடும்பங்கள் வாழும் வீடுகள். பகலில் மட்டும் செல்வதும், வாசல்களுக்குள் படம் எடுக்காமல் இருப்பதும் மரியாதை. திரும்பும் வழியில் ஆர்மீனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சுவரோவியத்தைக் காணலாம்.

வாடகையும் வாழ்க்கையும்

இந்நகரின் பழைய கட்டடங்கள் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒரு காரணம். வாடகை குறைவாக இருந்ததால் சிறு வணிகரும் கைவினைஞரும் நகர நடுவிலேயே வாழ்ந்தனர். இடித்துக் கட்டும் ஆர்வம் உரிமையாளர்களுக்குக் குறைவாக இருந்தது. அதே காரணத்தால் பழுதுபார்ப்பும் குறைந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை உயர்ந்து பலர் வெளியேறினர். பாரம்பரியக் களமான பின்னர் பல கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடங்கள் அழகுபெற்றன, மேல்தளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் குறைந்தன.

சுற்றுலாப் பயணி இதனைத் தனியாக மாற்ற இயலாது. ஆனால் உரிமம் பெற்ற விடுதியில் தங்குவது, தலைமுறைகளாக நடக்கும் கடைகளில் உண்பது, இரவில் குடியிருப்புச் சந்துகளில் சத்தமின்றி நடப்பது ஆகியவை அவர் கையில் உள்ளவை. கீழே அடுப்பும் மேலே குடும்பமும் இருக்கும்வரைதான் கடைவீடு அதன் பெயருக்கு உரியதாக இருக்கும்.

பயணக் குறிப்புகள்

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து படகில் தீவை அடையலாம். விமானத்திலும் வரலாம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். தைப்பூசத்தின்போதும் சீனப் புத்தாண்டின்போதும் விடுதிகள் விரைவில் நிரம்பும். உணவுக் கடைகளுக்கு வார விடுமுறை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் என்பதால், ஒரே கடையை நம்பாமல் அதே தெருவில் இன்னொன்றையும் குறித்துவைப்பது உதவும்.