விட்ட மீன் பிழைக்க வேண்டுமாயின்

கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக் குளத்தின் கட்டிலே தூண்டிலிடுவோர், சிறு மீன் அகப்பட்டால் "பிழைத்துப் போ" என்று நீரில் எறிவதுண்டு. எண்ணம் நன்று, எறிந்த மீன் பிழைக்கிறதா என்பதே கேள்வி.

மீனின் உடல்மீதுள்ள வழுவழுப்பான பூச்சே நோய் அணுகாது காக்கும் கவசம். உலர்ந்த கை பட்டாலும், வெயிலிற் காய்ந்த கல்லில் மீன் புரண்டாலும் அது உரிந்துவிடும். துள்ளிச் சென்ற மீன் சில நாளிற் பூஞ்சணம் பற்றி மடிவதை நாம் காண்பதில்லை. ஆகவே முதலிற் கையை நனைத்துக்கொள்ளுங்கள். செவுளுக்குள் விரல் நுழைத்துத் தூக்காதீர்கள், அது மூச்சுறுப்பு. முள்ளை நீருக்குள்ளேயே கழற்றுங்கள். ஆழப் புதைந்திருந்தால் இழுத்துக் கிழிக்காமல் தங்கூசியை வெட்டிவிடுவது மேல்.

திலாப்பியாவின் கதை வேறு. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீனில், தாய் தன் முட்டைகளை வாய்க்குள்ளே வைத்துக் காக்கும். அந்நாட்களில் அது இரை எடுப்பது அரிது. ஆதலால் தூண்டிலைவிட வலையிலேயே அகப்படும். வெளியே தூக்கினால் முட்டைகளைக் கக்கிவிடும். பின்பு தாயை மட்டும் விட்டுப் பயன் என்ன? தாடை புடைத்த மீன் தென்பட்டால், வலையைத் தூக்குமுன் நீருக்குள்ளேயே கண்ணியை விலக்கி வழிவிடுங்கள்.

விரால் காற்றையும் சுவாசிப்பது. கரையில் நெடுநேரம் கிடந்தும் சாகாது. அதைக் கண்டு மற்ற மீன்களும் தாங்கும் என எண்ணிவிடக் கூடாது. கோடையிற் குளம் வற்றி நீர் சூடேறும்போது அதிற் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது. அப்போது தளர்ந்த மீனை எறியாது, ஈரக்கையால் நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அது தானாக வாலசைத்து நழுவும்வரை பொறுத்திருங்கள்.