ஆப் செய்தால் போதாதா? மாணவர் மென்பொருள் செயற்றிட்டமும் அதன் ஆவணங்களும்

“ஆப்பைச் செய்து காட்டினால் போதாதா? எதற்கு அக்கா இவ்வளவு ஆவணம்?”

வன்னியில் சந்தித்த கணினி விஞ்ஞான மாணவி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஐந்து பேர் கொண்ட குழு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் சுழற்சிக் கடன் கணக்கைக் கணினியில் ஏற்றுவதுதான் அவர்களுடைய செயற்றிட்டம். நிரல் எழுதும் வேலையை நான்கு ஆண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆவணங்கள் முழுவதும் இவருடைய தலையில். (இந்தப் பங்கீட்டைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். “உங்கட கையெழுத்து வடிவு” என்று தொடங்கும்.)

பிள்ளை இரவிரவாகக் கணினி முன்னால் இருந்து என்னதான் செய்கிறது என்று தெரியாத பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

குழுச் செயற்றிட்டமொன்றில் விரிவுரையாளர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை: முன்மொழிவு, தேவைகள் ஆவணம், வடிவமைப்பு ஆவணம், சோதனைத் திட்டம், இயங்கும் மென்பொருள், பயனர் கைந்நூல், இறுதியில் செய்துகாட்டலும் வாய்மொழிப் பரீட்சையும். துறைக்குத் துறை பெயரும் புள்ளியும் மாறலாம். முன்மொழிவு இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். யாருடைய எந்தப் பிரச்சினை, எவ்வளவு காலம், யார் எதற்குப் பொறுப்பு என்பவை அதில் இருந்தால் போதும்.

சிக்கல் இரண்டாவதில்தான். தேவைகள் ஆவணத்துக்கு ஐஇஇஇ 830 என்ற 1998ஆம் ஆண்டு நியமத்தின் தலைப்புகளையே இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். 2011இல் வேறொரு நியமம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. தலைப்புகளைப் பிரதி பண்ணி நிரப்புவது இலகு. “மென்பொருள் வேகமாக இயங்க வேண்டும்” என்று ஒரு வரி எழுதினால் அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. “இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் தவணைப் பணத்தைப் பதிய முடிய வேண்டும், இணைப்பு வந்ததும் அது ஒரு தடவை மட்டும் கணக்கில் சேர வேண்டும்” என்று எழுதினால் அது தேவை. அந்த வரியை எழுத, சங்கக் கூட்டம் நடக்கும் மண்டபத்தில் சமிக்ஞை கிடைக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மாணவி போனார். சங்கத்தின் பொருளாளர் மாதிரிப் படிவத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது பெயரைப் பற்றி. இணையத்தில் எடுத்த படிவம் அது. முதற்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயம். எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும்; கலியாணத்துக்குப் பிறகு சிலருக்கு அது கணவரின் எழுத்தாக மாறும், அடையாள அட்டையில் மாறாமலே இருக்கும். ஒரே ஆள் இரண்டு பெயரில் பதியப்பட்டால் கடனும் இரண்டாகிவிடும்.

அடுத்தது “திருமண நிலை” என்ற தெரிவுப் பட்டியல். திருமணமானவர், ஆகாதவர், விவாகரத்தானவர், விதவை. பொருளாளரின் கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். இந்த நான்கில் எதை அவர் அழுத்துவது? மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்து வீதியில் இருக்கும் குடும்பங்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமல் போயிருப்பதை உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழுக்கு இடம் வைக்கப்பட்டது. அரசாங்கப் பதிவேட்டுக்கே இந்தக் கட்டம் இவ்வளவு பிந்தித்தான் கிடைத்தது என்றால், மாணவர்களின் பட்டியலில் அது இல்லாததில் வியப்பில்லை.

ஐந்தாவது தெரிவொன்றைச் சேர்க்கலாம் என்றார் குழுவில் ஒருவர். பொருளாளர் கேட்டது வேறு: “கடன் கொப்பிக்கு இது ஏன் தம்பி?”

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்றும் அதுதான்: நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவை மட்டும் திரட்ட வேண்டும். எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர் வந்து எத்தனையோ படிவம் நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தாள்கள் இப்போது எங்கே என்று கொடுத்தவர்களுக்குத் தெரியாது. தேவைகள் ஆவணத்தில் இந்தக் கேள்வி எழாவிட்டால், இரவு இரண்டு மணிக்கு நிரல் எழுதும் ஒருவர் தன்பாட்டில் அதற்குப் பதில் எழுதிவிடுவார். பிறகு அதை யாரும் காணப்போவதில்லை.

வடிவமைப்பு ஆவணத்தில் வகுப்பு வரைபடம், தரவுத்தள வரைபடம், திரைகளின் மாதிரி எல்லாம் வரும். பெட்டியும் அம்புக்குறியும் வரைந்து பக்கம் நிரப்புவது ஒரு வழக்கம். பரீட்சகர்கள் கிளறுவது காரணத்தைத்தான்: ஏன் இப்படி, வேறு எதை யோசித்து விட்டீர்கள்? திரைகளைத் தாளில் கீறிப் பயனரின் கையில் கொடுத்து, விரலால் அழுத்தச் சொல்லிப் பாருங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே பிழை. தாளில் திருத்த அழிறப்பர் போதும்.

சோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு தேவைக்கும் ஓர் இலக்கமும், அந்த இலக்கத்துக்கு எதிரே குறைந்தது ஒரு சோதனையும் இருக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: சங்கத்தின் உண்மைக் கணக்கை வைத்துச் சோதிக்காதீர்கள். செய்துகாட்டும் நாளில் உண்மைப் பெயர்களும் கடன் தொகையும் திரையில் விழும். நிரலோடு சேர்ந்து கிட்ஹப்பில் பகிரங்கமாகவும் ஏறிவிடும். கற்பனைப் பெயர்கள் இருபது போதும்.

அதே கிட் பதிவேடு வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும்: யார், எந்தத் திகதியில், எந்த வரியை எழுதினார்கள் என்பதை. தனிநபர் பங்களிப்புக்குப் புள்ளி கொடுக்கும் விரிவுரையாளர் அதைப் பார்ப்பார். ஆவணங்களையும் அதே களஞ்சியத்தில் வைத்தால் அவற்றை எழுதியவரின் உழைப்பும் அங்கே பதிவாகும்.

கைந்நூல் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலக் கைந்நூல் விரிவுரையாளருக்கு. பொருளாளருக்கு அது உதவாது. மாணவர்கள் பட்டம் பெற்றுப் போன பிறகு கடவுச்சொல் யாரிடம், பிரதி எங்கே, பழுதானால் பழைய கொப்பிக்கு எப்படித் திரும்புவது என்ற ஒரு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் அவசர அவசரமாக எழுதிய ‘சஹானா’, காணாமல் போனோரையும் முகாம்களையும் பதியும் திறந்த மூல மென்பொருள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அதை அங்கும் பயன்படுத்தினார்கள். எழுதியவர்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் இன்னொருவர் எடுத்து ஓட்டக்கூடியதாக ஒரு மென்பொருள் இருக்க வேண்டுமென்றால், நிரலோடு வேறு என்னென்ன கைமாற வேண்டும் என்று மாணவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

மாணவியின் குழு திருமண நிலைக் கட்டத்தை எடுத்துவிட்டது. தேவைகள் ஆவணத்தின் மூன்றாம் பதிப்பில் அதற்கென ஒரு வரி இருக்கிறது: “பொருளாளருடனான கலந்துரையாடலின் பின் நீக்கப்பட்டது, கடன் கணக்குக்கு அவசியமில்லை.” சோதனைத் திட்டத்தை எழுதும் பொறுப்பு இப்போது நான்கு தம்பிமாரிடம்.