பிடி அரிசியும் ஒரு பலம்தான்



2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் வெள்ளம்தான்!

"நமக்கே கஷ்டம், அடுத்தவங்களுக்கு என்னத்தச் செய்ய?" என்கிறோம். ஆனால் ஒருவருக்குக் கைகொடுக்கும்போது நம் பயமும் குறைகிறது. நாளை நமக்கும் ஆள் இருக்கு என்ற தைரியம் வருகிறது.

இந்தக் குணம் வெள்ளத்தன்று திடீரென வராது, தினமும் பழகணும். கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டுக்குப் போனால், தவணையைக் கேட்கும் முன் "சாப்டீங்களாக்கா?" என்று கேட்போம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அடுப்பு எரியாத வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொடுப்போம்.