25 கஜத்தில் மறுக்கப்பட்ட நீதி

2017 பிப்ரவரியில் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் கால்வைத்தார். எல்லைக் காவலர்கள் அவரைப் பிடித்தபோது கடந்திருந்த தூரம் 25 கஜம்; அரை நிமிடம்கூட ஆகாத நடை. அந்தத் தூரமே பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெரிய கேள்வியானது.

உரிய சட்ட நடைமுறையின்றி எந்த மனிதரின் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம். குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. நாட்டுக்குள் வந்துவிட்டவரை, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் வெளியேற்றக்கூடாது என்பதை 1903-லேயே, ஜப்பானியப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

1996-ல் வந்த ‘விரைவு வெளியேற்றம்’ இந்தப் பாதையைக் குறுக்கிவிட்டது. ஊர் திரும்ப அஞ்சுகிறேன் என்பவரை ஓர் அதிகாரி நேர்காணல் செய்வார். அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று அவர் முடிவெடுத்தால், குடிவரவு நீதிபதி ஒருமுறை பார்ப்பார். அந்த நீதிபதியும் அரசு நிர்வாகத்தின் நீதித் துறை ஊழியர்தான். அதோடு சரி.

வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்திக் கட்டிவைத்து அடித்ததாக அந்தத் தமிழர் சொன்னார். அதிகாரி நம்பவும் செய்தார். ஆனால் அடித்தது யார், எதற்காக என்று அந்தத் தமிழருக்குச் சொல்லத் தெரியவில்லை. கோரிக்கை அங்கேயே விழுந்தது. இலங்கையில் ஆட்களைக் கடத்திச் சென்ற ‘வெள்ளை வேன்’ என்ற சொல்லுக்கே நடுங்கியவர்களுக்குத் தெரியும், வந்தவர்கள் யாரென்று தெரியாததுதான் அந்தக் கொடுமையின் பாதி.

அவர் ஆட்கொணர்வு மனுவோடு கூட்டாட்சி நீதிமன்றம் போனார். 2019-ல் மேல்முறையீட்டில் வென்றார். 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. ஆட்கொணர்வு மனு காவலிலிருந்து விடுதலை கேட்பதற்கு, நாட்டில் தங்கும் வாய்ப்புக் கேட்பதற்கு அல்ல என்றது நீதிமன்றம். 25 கஜம் வந்தவர் வாசலில் நிற்பவருக்குச் சமம் என்று எழுதினார் நீதிபதி அலிட்டோ. நீதிபதிகள் சோட்டோமேயரும் கேகனும் உடன்படவில்லை. அவர்கள் பக்கமே நியாயம் என்பேன். உயிர்போகும் ஆபத்தைக் கஜக்கோலால் அளக்க முடியாது.

ஆனால் கதவு முழுக்க அடைபடவில்லை. டெக்சாஸில் காவலில் இருந்த வெனிசுவேலா நாட்டினரை ஏறக்குறைய 24 மணி நேர அறிவிப்பில் அனுப்ப அரசு முயன்ற வழக்கில், அந்த அவகாசம் போதாது என்று 2025 மே மாதம் இதே நீதிமன்றம் தடுத்தது.

உங்கள் உறவினர் யாராவது அந்த நேர்காணலுக்குப் போகிறார் என்றால் இதைச் சொல்லி அனுப்புங்கள்: மொழிபெயர்ப்பு புரியவில்லையென்றால் அங்கேயே சொல்ல வேண்டும், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், மறுத்தால் குடிவரவு நீதிபதி பார்க்க வேண்டும் என்று அப்போதே கேட்க வேண்டும்.