வேகமான ஹேஷ் நல்லதுதானே... பாஸ்வேர்டுக்கு மட்டும் ஏன் ஆபத்து?

நீங்க போடுற பாஸ்வேர்டை ஒரு நல்ல இணையதளம் அப்படியே சேமித்து வைக்காது. திரும்ப அவிழ்க்க முடியாத ஒரு குறியீடாக மாற்றித்தான் வைக்கும். அதுதான் ஹேஷ்.

வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஹேஷ் புரோகிராமை கம்பைல் செய்து, அதாவது பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி, ஓட விடுவார்கள். ‘ஓபன்எஸ்எஸ்எல்’ மென்பொருளில் இதற்கென்றே ‘ஸ்பீட்’ என்ற கட்டளை இருக்கிறது. 16 பைட் முதல் 16,384 பைட் வரையிலான துண்டுகளைக் கொடுத்து, ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா முடிகிறது என்று காட்டும். ஒரே ஷா-256 முறைதான். ஆனால், அதற்கென பிராசஸரில் உள்ள தனிக் கட்டளைகளைப் பயன்படுத்தினால் வேகம் எகிறும். விடை மட்டும் துளியும் மாறக்கூடாது.

வேகம் நல்லதா, கெட்டதா?

டவுன்லோட் செய்த ஃபைல் பழுதில்லாம வந்திருக்கான்னு பார்க்க, வேகம் நல்லது. பாஸ்வேர்டுக்கு? ஹேஷ்களைத் திருடியவரும் அதே வேகத்தில் ஒவ்வொரு பாஸ்வேர்டாக யூகித்துப் பார்ப்பாரே! 2012-ல் லிங்க்டுஇன் தளத்தின் சுமார் 65 லட்சம் ஹேஷ்கள் கசிந்தன. அவை வேகமான ஷா-1 முறையில் இருந்தவை. ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லோருக்கும் ஒரே ஹேஷ் வேறு. பல பாஸ்வேர்டுகள் சீக்கிரமே உடைந்தன.

தீர்வு என்ன?

1999-ல் வந்த பிகிரிப்ட், 2015-ல் சர்வதேசப் போட்டியில் வென்ற ஆர்கான்2 ஆகியவை வேண்டுமென்றே மெதுவாக ஓடுபவை. லாகின் செய்யும் உங்களுக்கு அந்தத் தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் யூகிப்பவருக்கோ அது வருஷக்கணக்காகிவிடும்.

தளம் எந்த ஹேஷ் வைத்திருக்கிறது என்பது நம்ம கையில் இல்லை. நீளமான பாஸ்வேர்டு, தளத்துக்கு ஒன்று... அது நம்ம கையில்தான் இருக்கு.