யந்திர மனிதனும் வாயுபுத்திரனும்

வீடியோ விளையாட்டு என்று சொன்ன மாத்திரத்தில், பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் ஒரு வீண் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஒரு தேசத்துக் கலைஞர்கள் தங்களுக்கு முற்றிலும் புதியதான ஒரு கலையில் முதன்முதலாகக் கைவைத்தபோது எதைச் சிருஷ்டித்தார்கள், எத்தனை கஷ்டங்களுக்கிடையே சிருஷ்டித்தார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு, 2009-ஆம் ஆண்டில் ஹைதராபாத்திலிருந்து வெளிவந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்னும் விளையாட்டைக் காட்டிலும் சுவையான உதாரணம் கிடைப்பது அரிது. சோனி நிறுவனத்தின் ப்ளேஸ்டேஷன் 2 என்ற பெட்டிக்காக முழுக்க முழுக்க இந்தியாவிலேயே தயாரான முதல் விளையாட்டு அதுதான். இன்று அதன் பெயரைக்கூட நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ப்ளேஸ்டேஷன் 2, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் சாதனம். பதின்மூன்று ஆண்டுக் காலத்தில் உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்று, வேறெந்த விளையாட்டுப் பெட்டியும் எட்டாத கீர்த்தியை அது பெற்றது. இத்தகைய பெட்டிகளுக்கென்று உலகம் முழுவதும் எழுதப்பட்ட விளையாட்டுகளில் யந்திர மனிதர்களைச் சுட்டு வீழ்த்தும் வகை ஒரு தனிக் குலமாகவே பெருகியிருக்கிறது. ரோபோ என்ற கற்பனையின் கவர்ச்சி அதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால், அதைக் காட்டிலும் ஆழமான காரணம் அந்தப் பெட்டிகளின் உள்ளேயே இருந்தது.

மனிதன் ஒருவன் முழங்கையை மடக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். தோல் ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் இழுபடுகிறது, சட்டை மடிப்பு விழுகிறது, தலைமயிர் அசைகிறது. இவ்வளவையும் கணித்து, வினாடிக்கு முப்பது படங்களாகத் திரையில் வரைவதற்குள் பழைய பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும். யந்திர மனிதனுக்கோ மேல்கை ஓர் உருளை, முன்கை மற்றோர் உருளை, நடுவே ஓர் ஆணி. நம் பொம்மலாட்டப் பாவையைப் போல விறைப்பான பாகங்களை மூட்டுகளில் இணைத்துவிட்டால், அது இயல்பாகவே நடப்பதாக நம் கண் ஏற்றுக்கொள்கிறது. துப்பாக்கிச் சண்டைக்கும் இதே சௌகரியம் உண்டு. குழலின் முனையிலிருந்து ஒரு நேர்கோட்டை இழுத்து, அது எதன்மேல் படுகிறது என்று பார்த்தால் போதுமானது; இரண்டு தேகங்கள் கட்டிப் புரள்வதைக் கணிக்கவேண்டிய சிரமம் இல்லை.

இந்தச் சௌகரியத்தைக் கலையாகவே உயர்த்திய விளையாட்டு ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் ஸ்விங்கின் ஏப் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய ‘மெட்டல் ஆர்ம்ஸ்: கிளிட்ச் இன் தி சிஸ்டம்’ 2003-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அயர்ன் ஸ்டார் என்னும் கிரகத்தில் கொடுங்கோலன் ஒருவனின் யந்திரப் படையை எதிர்த்து, கிளிட்ச் என்ற சின்னஞ்சிறு ரோபோ போராடுவதே கதை. அந்த உலகத்தில் நாணயமாகச் செல்லுபடியாவது வாஷர் என்று நாம் சொல்லும் இரும்பு வளையம். எதிரியின் கையைச் சுட்டால் கை மட்டும் கழன்று விழும். விமர்சகர்கள் மனமுவந்து பாராட்டியும் விற்பனை சோபிக்கவில்லை. 2005-இல் அந்த நிறுவனத்தைப் பிளிஸார்ட் என்ற பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. கிளிட்சின் கதை அதன்பின் தொடரவே இல்லை.

இப்போது ஹைதராபாத்துக்கு வருவோம். 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதிலிருந்து மாதாப்பூர்ப் பக்கத்தில் கணினித் தொழில் ஓங்கி வளர்ந்தது. அன்னிய தேசத்துக் கம்பெனிகளுக்கு வேண்டிய மென்பொருளை எழுதித் தருவதே அதில் பெரும்பங்காக இருந்தது. அப்படிப்பட்ட நகரத்தில் அரோனா டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தார், தங்கள் முதல் பெட்டி விளையாட்டுக்கு நாயகனாக எளிதில் வரையக்கூடிய யந்திர மனிதனைத் தேர்ந்தெடுக்காமல், வாலும் கதாயுதமும் தசைக்கட்டும் உடைய பால ஹனுமானைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே சொன்ன சௌகரியங்களில் ஒன்றுகூட இந்த நாயகனிடத்தில் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். வாலுக்கு எலும்புபோல விறைத்து நிற்கும் பாகம் ஏது? கதையைச் சுழற்றி அடிப்பவனுக்கும் அடி வாங்குபவனுக்கும் நேரக் கணக்கு ஒத்துவராவிட்டால், அடி காற்றில் போனதுபோலத் தோன்றிவிடுமல்லவா?

அவர்கள் கையில் இருந்த இடமும் மிகக் குறைவு. ப்ளேஸ்டேஷன் 2-இன் பிரதான நினைவகம் 32 மெகாபைட். நான்கு ஜிகாபைட் கொண்ட இன்றைய சாதாரணக் கைப்பேசியில் அதைப்போல் 128 மடங்கு இருக்கிறது. படம் வரைவதற்கென்று தனியே ஒதுக்கப்பட்ட நினைவகமோ வெறும் 4 மெகாபைட். 640 புள்ளி அகலமும் 448 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தை முழு வண்ணத்தில் வைத்துக்கொள்ள ஏறத்தாழ 11 லட்சம் பைட் தேவை. திரையில் காட்டுகிற படம் ஒன்று, அடுத்து வரைந்துகொண்டிருக்கிற படம் ஒன்று, எது முன்னே எது பின்னே என்று குறித்துக்கொள்ளும் கணக்கேடு ஒன்று, ஆக மூன்றுக்கும் இவ்வாறு இடம் கொடுத்தால் 34 லட்சம் பைட் போய்விடும். மிஞ்சுகிற ஏழரை லட்சத்துக்குள் பாறையும் மரமும் வானமும் அரக்கர்களும் மாறி மாறி வந்து தங்கிப் போகவேண்டும். அனுபவசாலிகளான ஜப்பானியரும் அமெரிக்கரும் பல ஆண்டுகள் பழகி, வண்ணத்தைக் குறைத்தும் அளவைச் சுருக்கியும் கற்ற வித்தையை, நம்மவர்கள் முதல் பிரயத்தனத்திலேயே கையாளவேண்டியிருந்தது. விளைவு பிரமாதமாக அமைந்தது என்று நான் சொல்லமாட்டேன். விமர்சகர்கள் குறை கண்டார்கள், குறைகளும் இருந்தன. ஆனால், தடையே இல்லாத பாதையில் ஓடியவனின் வேகத்தையும், மேடேறி வந்தவனின் வேகத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமாகாது.

நாயகனைத் தேர்ந்தெடுத்ததில் மற்றொரு சங்கடமும் நேர்ந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வாழும் ராஜன் செட் என்ற ஹிந்து சமயப் பிரமுகர், பக்தர்கள் தங்கள் விதியைத் தெய்வத்தினிடம் ஒப்படைத்திருக்க, இங்கே தெய்வத்தின் விதி விளையாடுபவன் கையில் இருப்பது தகாது என்று ஆட்சேபித்து, விளையாட்டைத் திரும்பப் பெறவேண்டும் என்று கோரினார். அந்த அபிப்பிராயத்தில் உள்ள பக்தியை மதிக்கத்தான் வேண்டும். எனினும், தெருக்கூத்தில் மனிதர்களே வேஷம் புனைந்து தெய்வமாக நின்று ஆடிய பரம்பரை நம்முடையது. ஒரு சிறுவன் சிறிது நேரம் வாயுபுத்திரனாகத் தன்னைப் பாவித்து மலையைத் தாண்டுவதில் அபசாரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிளிட்ச் என்ற ரோபோவுக்காக மனம் புண்படுகிறவர் எவரும் இல்லை; அதுவும் யந்திர நாயகர்களைச் சிருஷ்டிப்பவர்களுக்கு உள்ள ஒரு சௌகரியம்.

ஹனுமான் தனியாக நின்றுவிடவில்லை. அதே 2009-இல் ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா நிறுவனம், கபடியும் கில்லியும் பட்டம் விடுதலும் அடங்கிய ‘தேசி அட்டா’ என்ற தொகுதியை அதே பெட்டிக்காகச் செய்தது. 2008-இல் அந்நகரத்து எஃப்எக்ஸ்லாப்ஸ் நிறுவனம், ஏ. ஆர். முருகதாஸ் தமிழில் எடுத்துப் பின்னர் ஹிந்தியிலும் இயக்கிய ‘கஜினி’யைக் கணினி விளையாட்டாக்கியிருந்தது. ப்ளேஸ்டேஷன் 2-இன் தயாரிப்பே முடிவுக்கு வந்த 2013-இல்கூட, ஷாருக்கானின் ‘டான் 2’ படத்தைத் தழுவி கேம்சாஸ்த்ரா உருவாக்கிய சண்டை விளையாட்டு அந்தப் பெட்டிக்கு வெளிவந்தது. யந்திர நாயகனை விரும்பியவர்களுக்கு 2011-இல் மும்பையின் ட்ரைன் நிறுவனம் ‘ரா.ஒன்’ படத்தைத் தழுவிய விளையாட்டை அளித்தது. வீடியோ விளையாட்டின் வில்லன் திரையிலிருந்து வெளியேறி நிஜ உலகுக்குள் புகும் அந்தப் படத்தில், நம் ‘எந்திரன்’ சிட்டியாக ரஜினிகாந்த் சில நிமிஷம் தோன்றியது தமிழ் ரசிகர்களுக்கு நினைவிருக்கும்.

இத்தனை முயற்சிகளும் கவனிப்பாரற்றுப் போனதற்குக் காலத்தைத்தான் முதலில் குறை சொல்லவேண்டும். ஹனுமான் வந்தபோது ப்ளேஸ்டேஷன் 2 ஒன்பது வயதைத் தாண்டிவிட்டது. ப்ளேஸ்டேஷன் 3 வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டபடியால் உலகப் பத்திரிகைகளின் பார்வை முழுவதும் அதன்மேல் சென்றிருந்தது. நம் நகரங்களில் ப்ளேஸ்டேஷன் 2-ஐ வாங்கியவர்களில் பலரோ, கள்ளப் பிரதிகள் ஓடும்படி அதில் சிப் வைத்துக்கொண்டு, மலிவு விலை வட்டுகளில் உலகத்தின் தலைசிறந்த விளையாட்டுகளையெல்லாம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் ஆட்டம் முழுவதுமே கைப்பேசிக்கு இடம் மாறிற்று.

மறக்கப்பட்ட பொருள் அழிவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்நாளில் அதைப் பத்திரப்படுத்தவேண்டும் என்ற எண்ணம் இல்லாமற்போனதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம். 1964-இல் புணேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்ட பிறகே அந்தத் துறைக்கு ஒரு காவல் கிடைத்தது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேரவேண்டும். விளையாட்டுகளை அந்தச் சட்டம் அறியாது. பிரான்ஸ் தேசமோ 1992-லேயே தன் சட்டத்தை விரித்து, அங்கே வெளியாகும் விளையாட்டுகளின் பிரதிகளையும் தேசிய நூலகத்தில் சேர்க்கச் செய்துவிட்டது.

நம்மால் செய்யமுடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. 1954-இன் சட்டத்தில் விளையாட்டுகளையும் சேர்க்கலாம். ஹைதராபாத்தின் ராயதுர்கத்தில் அனிமேஷன், விளையாட்டுத் தொழில்களுக்கென்றே தெலங்கானா அரசு திட்டமிட்ட இமேஜ் டவரில் ஒரு தளத்தைக் காப்பகத்துக்கு ஒதுக்கலாம். வட்டும் உறையும் மட்டும் போதாது. நிரல்களையும், வரைபடங்களையும், கைவிடப்பட்ட மாதிரிகளையும் உரியவர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்க்கவேண்டும். அந்த விளையாட்டுகளைச் செய்த இளைஞர்கள் இன்று நடுவயதில் இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியையும் பதிவுசெய்துகொள்ளவேண்டும். 4 மெகாபைட்டுக்குள் ஹனுமானின் வாலை எப்படி அசைத்தோம் என்று அவர்கள் சொல்லக் கேட்பது, இன்று இந்தக் கலையைப் பயிலும் மாணவனுக்குப் பத்துப் பாடப்புத்தகங்களுக்குச் சமானம். சட்டத்துக்கும் கட்டடத்துக்கும் காத்திராமல், அந்தக் கேள்வியைக் கேட்டுவரும் பணியை ஹைதராபாத்தின் பல்கலைக்கழகம் ஒன்று இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.